கையை எடுக்காதீங்க

பசை தடவி ஒட்டிய புது சிங்க், சர்வேயர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிரானைட் மேடையின் அடியிலிருந்து ஒரு நூல் அளவு கீழே இறங்கியது. குனிந்து பார்த்தார். இன்னொரு நூல் இறங்கியது.

பழைய சிங்க் தன் விளிம்பிலேயே மேடைமேல் உட்கார்ந்துகொள்ளும் சாது. இது மேடைக்கு அடியில் ஒட்டும் வகை. பசை இறுகும்வரை அசையக் கூடாது என்று ட்யூபில் போட்டிருந்தது. தாங்கிப் பிடிக்கக் கொக்கிகளும் கொடுத்திருந்தார்கள். ஆனால் அவற்றை மாட்டக் கல்லில் துளை போட வேண்டும். கல் விரிசல் விட்டால் மானம் போய்விடும் என்று கொக்கிகளை ஒதுக்கிவிட்டார்.

மனைவி வருவதற்குள் வேலை முடிந்தாக வேண்டும். அவள் பள்ளிக்கூட டீச்சர்; இன்று அரை நாள்தான். வந்ததும், கட்டி வைத்திருக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு பஸ் ஏறப் போகிறாள். எப்போது திரும்புவாள் என்று சொல்லவில்லை. ஒரு வாரமாகப் பேச்சே கிடையாதே, எப்படிச் சொல்வாள்?

தூரத்து அணைக்கட்டு வேலைக்கு இரண்டு வருஷம் போகிறேன் என்று ஆபீஸில் தலையாட்டிவிட்டு வந்திருந்தார் சர்வேயர். வீட்டில் சொல்ல நல்ல சமயம் பார்த்துக்கொண்டிருந்தார். சமயம் வரும் முன்னே சேதி வந்துவிட்டது.

"உங்க ஆபீஸ் வாட்ச்மேனுக்குத் தெரியுது. அவர் பொண்டாட்டிக்குத் தெரியுது. என்கிட்ட சொல்ல மட்டும் உங்களுக்கு வாய் வரல, இல்ல?"

அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

சிங்க் விளிம்பில் தண்ணீர் தேங்கி உடுப்பெல்லாம் நனைகிறது என்று வருஷக்கணக்காகப் புலம்பிக்கொண்டிருந்தவள். விளிம்பே இல்லாத சிங்க்கைப் பார்த்தால் பெட்டியைக் கீழே வைத்துவிடுவாள் என்று கணக்குப் போட்டார் சர்வேயர்.

முட்டுக் கொடுக்க ஸ்டூலை வைத்தார். எட்டவில்லை. அதன்மேல் மாவு டின்னை வைத்தார். சிங்க் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டது. இரண்டையும் உருவிவிட்டு, அளவைக் கருவியை நிறுத்தும் மூன்று கால் ஸ்டாண்டைக் கொண்டுவந்தார். மலைச்சரிவிலேயே அசையாமல் நிற்கும் ஸ்டாண்ட், சமையலறைக்கு அசையுமா? கச்சிதமாக நின்றது.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் மேல்மாடி வீட்டுக்காரர், இடுப்பில் துண்டும் தலை நிறைய சோப்பு நுரையுமாக.

"சார், தண்ணி நின்னுபோச்சு."

"நான்தான் மெயின் வால்வை மூடியிருக்கேன். கொஞ்சம் பொறுத்துக்குங்க."

"நான் பொறுத்துப்பேன் சார். கண்ணு பொறுக்க மாட்டேங்குது."

பாவம் பார்த்துக் கீழே போய் வால்வைத் திறந்தார். சமையலறையில் குழாயைக் கழற்றிய இடம் திறந்தே கிடக்கிறது என்பது படியேறும்போதுதான் உறைத்தது. ஓடிவந்து மூடியைத் திருகி அடைப்பதற்குள் தரையெல்லாம் குளம். ஈர டைல்ஸில் ஸ்டாண்ட் ஒவ்வொரு காலாகப் பரப்பிக்கொண்டு நிதானமாக உட்கார்ந்தது. சர்வேயர் மேடைக்கு அடியிலிருந்த அலமாரிக்குள் பாய்ந்து, விழவிருந்த சிங்க்கை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தார்.

ஒரு மணி நேரம் கழித்து மனைவி வந்தபோது அலமாரிக்கு வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

"என்ன இது?"

"சிங்க்."

"அது தெரியுது. நீங்க எதுக்கு அதுக்குள்ள இருக்கீங்க?"

"உள்ள இல்ல. அடியில."

அவள் குனிந்து பார்த்தாள். "ஆக, இதையும் என்னைக் கேக்காமதான் செஞ்சிருக்கீங்க."

சிங்க்கைவிட அந்தப் பேச்சுதான் அதிகமாகக் கனத்தது.

"நீ கிளம்பும்மா. பஸ் போயிடும்."

"கிளம்பி? புருஷனை எங்கடி விட்டேன்னு அக்கா கேட்டா, சிங்க்குக்கு முட்டுக் கொடுத்துட்டு வந்தேன்னு சொல்லவா?"

கூடத்துக்குப் போய் பிளம்பருக்கு போன் போட்டாள். "அப்படியா... ம்... சரி" என்பது மட்டும் கேட்டது. திரும்பி வந்தாள்.

"சாயங்காலம் வர்றாராம். அதுவரைக்கும் கையை எடுக்கவே கூடாதாம்."

சொல்லிவிட்டு ஈரத்தையும் பார்க்காமல் உட்கார்ந்து, அலமாரிக்குள் தன்னைத் திணித்துக்கொண்டு, சிங்க்கின் மறுபக்கத்தைப் பிடித்தாள். பஸ் நேரம் வந்தது, போயிற்று.

"மூக்கு அரிக்குது," என்றார் சர்வேயர்.

"எந்தப் பக்கம்?"

"இடது."

சொறிந்துவிட்டாள். "அந்த வேலைக்கு ஏன் சரின்னீங்க?"

"யார் போறீங்கன்னு கேட்டப்போ யாருமே வாயத் திறக்கல. மேலதிகாரி மூஞ்சியப் பாத்தா பாவமா இருந்துச்சு."

"வீட்டுலயும் ஒரு மூஞ்சி இருக்கு."

"அதைப் பாக்கத்தான் பயம். நீ வரமாட்டேன்னு சொல்லிட்டா?"

"கேட்டாத்தானே சொல்ல முடியும்?"

பாத்திரம் கழுவிய வாசனையோடு இருட்டு. நான்கு கைகளும் மரத்துப் போயிருந்தன. சர்வேயர் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"வர்றியா?"

"அங்க ஸ்கூல் இருக்கா?"

"தெரியலையே."

"அணை வரப்போற இடத்தை அங்குலம் அங்குலமா அளப்பீங்க. பொண்டாட்டிக்கு ஒரு ஸ்கூல் இருக்கான்னு பாக்க மாட்டீங்க."

"நாளைக்கே விசாரிக்கறேன்."

"விசாரிச்சுட்டு முதல்ல என்கிட்ட சொல்லுங்க. வாட்ச்மேன் அப்புறம் தெரிஞ்சுக்கட்டும்."

சர்வேயர் சிரித்ததில் தலை சிங்க்கில் டங்கென்று இடித்தது. அவள் ஒரு கையை எடுத்து அந்த இடத்தைத் தேய்த்துவிட்டாள்.

சாயங்காலம் மணி அடித்தது. கதவைத் திறந்துவிட்டு அவள் படுக்கையறைக்குப் போனாள். பெட்டியைத் திறக்கும் சத்தமும், பீரோவில் துணிகளைத் திரும்ப அடுக்கும் சத்தமும் சர்வேயருக்குக் கேட்டன. பிளம்பர் டார்ச்சோடு குனிந்து, சிங்க்கைத் தட்டிப் பார்த்து, பிறகு அவரைப் பார்த்தார்.

"என்ன சார், இன்னும் புடிச்சுக்கிட்டு இருக்கீங்க? அது அப்பவே இறுகியிருக்கும், கையை எடுத்துடலாம்னு மதியமே அம்மாகிட்ட போன்ல சொன்னேனே."