சாக்பீஸ் பாய் போட்ட ஏழு

வேலூர் மாவட்டத்தில் சாக்பீஸ் பாய் நம்பர் போடாத பொருள் ஒன்றே ஒன்றுதான்: அவருடைய சொந்த முதுகு. அதுவும் கை எட்டாத காரணத்தால்.

ஆம்பூரில் நான் வேலைக்குச் சேர்ந்த ஷூ கம்பெனியில் இருபது வருஷம் தோல் தரம் பிரித்தவர் அவர். தோலை வெளிச்சத்தில் விரித்துக் கட்டைவிரலால் ஒரு தடவு, சாக்பீஸால் ஒரு நம்பர். ஒன்று என்றால் அசல். ஏழு என்றால் ரிஜக்ட். அந்தப் பழக்கம் தோலோடு நிற்கவில்லை. கேன்டீன் டீ கிளாசுக்கு நாலு. மேனேஜரின் புது ஸ்கூட்டருக்கு மூன்று. தம்பிக்குப் பெண் பார்க்கப் போன வீட்டு வாசற்கதவில் இரண்டு போட்டுவிட்டு வந்தார் என்றும், அந்தச் சம்பந்தம் அதோடு சரி என்றும் சொல்வார்கள். நான் நம்புகிறேன்.

தூசி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அவரைக் கம்ப்யூட்டர் ரூமுக்கு மாற்றினார்கள். சாக்பீஸும் கூடவே வந்தது. அங்கே ஏற்கெனவே நான் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள், டிப்ளமோ. அம்மா அதே கம்பெனியில் பசை தடவும் லைனில் இருந்தாள். "எம் புள்ள கம்ப்யூட்டர் ரூம்ல" என்று லைன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஆனால் எனக்கு ஆறு மாதத்துக்குத்தான் வேலை. அதற்குப் பிறகு ஒன்று நிரந்தர லெட்டர், இல்லாவிட்டால் வீடு.

அந்தச் சமயத்தில்தான் ஒயர்லெஸ் இன்டர்நெட் வந்தது. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் இனிமேல் நேரில் வரமாட்டார், கேமராவிலேயே தோலைப் பார்த்து ஓகே சொல்வார் என்றார்கள். ஆனால் பையரின் பேச்சு, படம், ஆபீஸ் மெயில், அக்கவுன்ட்ஸ் சேகர் சார் இறக்கும் பாட்டு எல்லாம் ஒரே காற்றில்தான் போயாக வேண்டும். எது முந்த வேண்டும், எது காத்திருக்க வேண்டும் என்பதற்கு ஒயர்லெஸ் பெட்டியில் ஒன்றிலிருந்து ஏழு வரை நம்பர் போடலாம். நம்பர் என்று கேட்டதும் பாயின் கண் கலங்கிவிட்டது.

"பேச்சுக்கு ஒண்ணு போடு தம்பி. நடுவுல அறுந்தா அர்த்தமே மாறிடும். படத்துக்கு ரெண்டு. கொஞ்சம் ஆடுனா இன்னா, ஆளு தெரியுதில்ல? மெயிலுக்கு நாலு. அது நாளைக்கு வந்தாலும் மெயில்தான்."

"சேகர் சார் பாட்டு?"

"ரிஜக்ட். ஏழு."

பெட்டியோடு வந்த புத்தகத்தில் ஒரு வரி என்னை உறுத்தியது. "பாய், இதுல ஏழுதான் ஒசத்தின்னு போட்டிருக்கற மாதிரி இருக்குதே."

"எந்த ஊர்லடா ஏழாம் செலக்‌ஷன் ஒசத்தி? அச்சுல தப்பு."

அவருக்கு இருபது வருஷ அனுபவம். எனக்கு இங்கிலீஷில் பயம். அவர் சொன்னபடியே அடித்தேன்.

அன்றிலிருந்து பேச்சு திக்கியது, படம் உறைந்தது. பாய் முதலில் ஃபேனைச் சந்தேகப்பட்டார். பிறகு இரும்பு ரேக்கை. பிறகு மழையை. பெட்டியை ஷூ லேஸால் ஜன்னல் கம்பியில் கட்டிப் பார்த்தார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கம்பெனியில் சந்தோஷமாக இருந்தவர் சேகர் சார் ஒருவர்தான்.

"ஒயர்லெஸ் சூப்பர்பா. பீடி பத்த வைக்கறதுக்குள்ள பாட்டு வந்து குந்திக்குது."

ஆறாம் மாதக் கடைசி வாரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "இன்னிக்கு பையர் பிரவுன் தோல் பாக்குறார். படம் நின்னா ஆர்டர் போச்சு. ஆர்டர் போனா உன் லெட்டரும் போச்சு."

மேனேஜர் கேமரா முன்னால் தோலைத் தூக்கிப் பிடித்தார். பையர் வாயைத் திறந்தார். திறந்தபடியே உறைந்து போனார். "ப்ர... ப்ர..." என்று சத்தம் மட்டும் வந்தது. பிரவுன் என்கிறாரா, பிராப்ளம் என்கிறாரா, யாருக்கும் விளங்கவில்லை. தூக்கிய கையை இறக்கவும் மேனேஜருக்குப் பயம். அதே நேரம் பக்கத்து அறையில் சேகர் சார் அப்போதுதான் இறக்கிய பாட்டு, ஒரு தாளம் பிசகாமல் ஒலித்தது.

புத்தகத்தின் அந்த வரி ஞாபகத்துக்கு வந்தது. நம்பரையெல்லாம் தலைகீழாக மாற்றி அடித்தேன். பேச்சுக்கு ஏழு, படத்துக்கு ஆறு, பாட்டுக்கு ஒன்று.

பையர் வாயை மூடினார். தோலை இப்படி அப்படித் திருப்பச் சொன்னார். ஓகே சொன்னார்.

வீடியோ கால் முடிந்ததும் மேனேஜர் திரும்பினார். "இத்தினி நாளா தப்பா போட்டு வெச்சது யாரு?"

அடித்தது என் விரல். நான் வாயைத் திறந்தேன். பையரைப் போலவே உறைந்தேன்.

"நான்தான் சார்," என்றார் பாய். "பையன் அன்னிக்கே சொன்னான். நான்தான் அச்சுல தப்புன்னுட்டேன்."

எனக்கு லெட்டர் வந்தது. பாயை வாசல் கேட்டில் லாரி நம்பர் எழுதும் வேலைக்குப் போட்டார்கள். சாயங்காலம் வெளியே வரும்போது அவர் முன்னால் போய் நின்றேன். அவர் என் தோளைப் பிடித்தார். என்னைத் திருப்பி நிறுத்தினார். முதுகில் சாக்பீஸ் கரகரத்தது.

பஸ்ஸில் அம்மாதான் பார்த்தாள்: ஏழு. "அடப்பாவி, உன்ன ரிஜக்டுன்னு போட்டுட்டாரா அந்த மனுஷன்?"

"இல்லம்மா, பெட்டில ஏழுதான் ஒசத்தி."

"அவரு தோல்காரருடா. இப்ப ஏழு நல்லதா, கெட்டதா?"

அந்தக் குழப்பம் எனக்கு இன்றுவரை தீரவில்லை. பாயிடமும் கேட்கவில்லை. அந்தச் சட்டையை மட்டும் நான் இன்னும் துவைக்கப் போடவில்லை.