கிளிகோர் மேஸ்திரியின் கடைசி வீடு

"ஸ்தாமென்கோ, அந்தக் கழுதைகிட்ட சொல்லு, நூலை ஒரு விரக்கடை ஏத்திக் கட்டச் சொல்லு."

சொன்னவன் ராஞ்செல். கழுதை என்று அவன் குறிப்பிட்ட பிளாகோயெ அதே சாரத்தில், அதே சுவரின் மறுமுனையில்தான் நின்றுகொண்டிருந்தான். கலவை போடும் ஸ்தாமென்கோ கீழே மண்வெட்டியை வைத்துவிட்டு ஏணியேறி வந்து, சேதியைச் சேர்ப்பித்தான்.

"நூல் சரியாத்தான் இருக்கு, அவன் கண்ணுதான் கோணல்னு சொல்லு."

ஸ்தாமென்கோ நாலடி நடந்து அதையும் சொன்னான். கீழே கலவை இறுகிக்கொண்டிருந்தது.

செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து கிளிகோர் மேஸ்திரி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேஸ்திரியான இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு கோடை வந்ததில்லை.

மலைமேல் அவர்களுடைய ஊரான சுர்னா த்ராவாவில் விளைவதெல்லாம் கல்லும் கொத்தனார்களும்தான். வசந்தத்தில் வரும் புனித ஜார்ஜ் நாள் கழிந்ததும் ஆண்கள் கரணையும் தூக்குக்குண்டுமாகக் கீழே இறங்கினால், இலையுதிர்ந்த பிறகே வீடு திரும்புவார்கள். கிளிகோரின் ஆட்கள் பதினொரு பேர். ராஞ்செல் வாய்த்துடுக்கால் மூன்று கோஷ்டிகளில் துரத்தப்பட்டவன். பிளாகோயெ ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். ஒருவனுக்குப் பேச ஆள் வேண்டும், மற்றவனுக்குப் பேசாமலிருக்க ஒரு சாக்கு வேண்டும் என்று கண்டுபிடித்து, இருவரையும் ஒரே நூலின் இரண்டு முனையில் நிறுத்தியவர் கிளிகோர்தான். ஆளுக்கொரு மூலையில் தொடங்கி நடுவில் வந்து சேருவார்கள். சேர்ந்த இடம் எது என்று அவருக்கே தெரியாது.

இந்த வசந்தத்தில் மலையிறங்கும்போது அவர்தான் சொன்னார்: "இதுதாண்டா என் கடைசி வீடு. கூரை ஏறினதும் நிஷ் பட்டணத்துக்குப் போய் மக வீட்டுல இருக்கப்போறேன். நான் இல்லாட்டியும் நீங்க பொழச்சுக்குவீங்க."

வேலை தொடங்கிய இரண்டாவது வாரமே ராஞ்செலுக்கும் பிளாகோயெவுக்கும் சண்டை வெடித்தது. இந்த நிலையில் விட்டுப்போனால் பதினொரு பேரும் பதினொரு திக்கில் சிதறிவிடுவார்கள் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

முதலில் இருவரையும் பிரித்து, வேறு வேறு சுவரில் விட்டார். நான்கு நாள் நிம்மதி. ஐந்தாம் நாள் இரண்டு சுவரும் மூலையில் சந்தித்தபோது, ஒன்று மற்றதைவிடச் சரியாக ஒரு வரிசை உயரமாக இருந்தது.

"யாருடா தப்பா எண்ணினது?"

"அவன்தான்," என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

சுவரைப் பிரிக்க அரை நாள் போயிற்று. சரி, ஒரு வாய் உள்ளே போனால் சமாதானமாகிவிடுவார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை பிளம் சாராயம் வாங்கி எல்லோரையும் உட்கார வைத்தார். இரண்டாவது கிளாஸில் பிளாகோயெ எழுந்து நின்றான்.

"ராஞ்செல், உன் நட்பு வெயிலில் மட்டும் நிமிர்ந்து நின்ற பச்சைமண் சுவர். முதல் மழையிலேயே அது தன் சுயரூபத்தைக் காட்டிவிட்டது."

நாலாம் வகுப்பைத் தாண்டாதவன் வாயிலிருந்து இப்படி வந்ததும் கிளிகோர் ஆடிப்போனார். மனசு எவ்வளவு நொந்திருந்தால் ஊமைக்கும் கவிதை வரும். அன்றைக்கே கோஷ்டி இரண்டாகப் பிளந்து, சாப்பாட்டுக்கு இரண்டு மேஜை போட்டுக்கொண்டது. அவ்வூர் வழக்கப்படி ஆட்களுக்குச் சமைத்துப் போட்டவர், அந்த வீட்டைக் கட்டிக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்து கோசாரா டீச்சர். அவர் இரண்டு பானையில் பீன்ஸ் வேகவைக்கத் தொடங்கினார்.

"உங்களுக்கு ரொம்பச் சிரமம் குடுக்கறோம் டீச்சர்."

"இருக்கட்டும் மேஸ்திரி. எங்க வீட்டுல இவ்வளவு கலகலப்பு என்னிக்கு இருந்திச்சு," என்றார் அவர்.

கூரை வேலைக்கு இரண்டு கட்சியையும் கலந்து ஆளைப் பிரித்தார் கிளிகோர். விளைவு, மேலே இருப்பவனுக்குக் கீழே இருப்பவன் ஆணி எடுத்துக் கொடுக்க மறுத்தான். கைமரங்கள் தரையில் கிடந்தன. மலைக்குப் பின்னால் மழை கறுத்துக்கொண்டு வந்தது.

"நானே ஏறிக்கறேன்," என்று அறுபத்தெட்டு வயசில் ஆணிப்பையைக் கடித்துக்கொண்டு ஏணியில் கால் வைத்தார். நாலாவது படியில் கால் வழுக்கியது. அடுத்த நொடி பதினொரு பேரும் ஏணியடியில் இருந்தார்கள். ராஞ்செல் இடது காலையும் பிளாகோயெ வலது காலையும் பிடித்திருந்தார்கள். இறக்கி விட்டதும் ஏதோ ஞாபகம் வந்தவர்களாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

எப்படியோ, பயந்துபோய் மூன்றே நாளில் கூரையை ஏற்றிவிட்டார்கள். முகட்டில் டீச்சர் கொடுத்த பன்னிரண்டு புதுச் சட்டைகள் வரிசையாகக் காற்றில் ஆடின. கூரை ஏறினால் ஆளுக்கொரு சட்டை, அதுதான் வழக்கம். மேஸ்திரி ஒவ்வொன்றையும் சுட்டி, கொடுத்த வீட்டை உரக்க வாழ்த்த வேண்டும். அக்கம்பக்கமெல்லாம் கூடிவிட்டது. கிளிகோர் வாயைத் திறந்தார். வாழ்த்து வரவில்லை, அழுகைதான் வந்தது.

"டீச்சர், உங்க வீடு நல்லா இருக்கட்டும். ஆனா நான் நிஷுக்குப் போகல. இவனுங்களை இந்தக் கோலத்துல விட்டுட்டுப் போனா எனக்கு அங்க சோறு இறங்காது. மக கோச்சுக்கிட்டாலும் பரவால்ல. அடுத்த வருஷமும் நான்தான் மேஸ்திரி."



"பிளாகோயெ, அந்த நீலச் சட்டையை எடுடா," என்றான் ராஞ்செல், நேராக அவனிடமே.

"உனக்கு அது பத்தாது, தொப்பையைப் பாரு," என்றான் பிளாகோயெ, எடுத்துக் கொடுத்துக்கொண்டே. இரண்டு மேஜைகளையும் ஸ்தாமென்கோ ஒன்றாகத் தள்ளிப் போட்டான்.

கிளிகோர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். பெருமை தாங்கவில்லை.

"பாத்தீங்களா டீச்சர்? அஞ்சு மாசமா தீராத சண்டை, நான் இருக்கேன்னு சொன்ன ஒரு வார்த்தையில தீர்ந்துபோச்சு. ஒரு கோஷ்டிக்கு மேஸ்திரி எதுக்குன்னு இப்பவாவது புரியுதா?"

டீச்சர் அவர் தட்டில் பீன்ஸை அள்ளி வைத்தபடி சொன்னார்: "புரியுது மேஸ்திரி, ஆனா ஒத்துமையா இருந்தா நீங்க போயிடுவீங்கன்னு பயந்து, நீங்க தினமும் மத்தியானம் கண்ணசர்ற அரை மணி நேரமும் பதினொரு பேரும் என் அடுப்படியில உக்காந்து, நான் எழுதிக்குடுத்த சண்டையை மனப்பாடம் பண்ணிட்டிருந்தாங்க."