மூன்று தரம் குலுக்கி

ஒன்பதாவது பாட்டின் நடுவில் பிடிலுக்குள் ஏதோ கிலுகிலுத்தது. டார்சி ப்ரூயிட் ஒலிப்பதிவை நிறுத்தினான்.

கென்டக்கி மலைப்பக்கம் பிடிலில் எஸ்டில் காடிலை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. அவர் நினைவாக ஒன்பது பேர், அவருடைய பிடிலிலேயே வாசிக்கும் ஆல்பம் இது. வாசிக்கும் முன் பிடிலைத் தலைகீழாக மூன்று தரம் குலுக்குவது எஸ்டில் வழக்கம். ஒன்பது பேரும் பயபக்தியோடு அப்படியே குலுக்கினார்கள். எஸ்டில் அப்படிக் குலுக்கும் படம்தான் ஆல்பத்தின் அட்டையிலும்.

பிடிலைக் கொடுத்தபோது எஸ்டிலின் மனைவி வெர்னா ஒன்றே ஒன்று சொல்லியிருந்தார். "குடுத்தபடியே திரும்பி வரணும். அப்பதான் ஆல்பம் வெளியிடக் கையெழுத்து."

மூன்று மணிக்கு வருகிறார். கையெழுத்து இல்லையென்றால் டார்சியின் இரண்டு வருஷ உழைப்பு ஆற்றில் கரைத்த புளிதான்.

டார்சி பிடிலின் துளைக்குள் சிறு இடுக்கியை விட்டு இழுத்தான். வாலை ஆட்டிக் கிலுகிலுக்கும் சலங்கைப் பாம்பின் காய்ந்த வால்சலங்கை ஒன்று வந்தது. வந்த வேகத்தில் கீழே விழுந்தது. ஒன்பதாவதாக வாசித்துக்கொண்டிருந்த லான்சோ என்னவென்று பார்க்க எழுந்து அதன்மேலேயே பூட்ஸை வைத்தார். பொடியாகிவிட்டது.

"அடப்பாவி, எஸ்டிலோட நாதமே அதுலதான்டா இருந்துச்சு," என்றார் லான்சோ.

"மிதிச்சது நீங்க."

"எடுத்தது நீ. அது இல்லாம நான் வில்லைத் தொடமாட்டேன்."

டார்சி ஓடினான். மாமாவின் லாரிக் கண்ணாடியில் தொங்கிய பாம்புச் சலங்கையை அறுத்துவந்தான். அது முன்னதைவிட இரண்டு மடங்கு. பிடிலின் துளைக்குள் திணித்துத் திணித்து ஒருவழியாக இறக்கினான். இப்போது லான்சோ மூச்சுவிட்டாலே கிலுகிலுத்தது. திரும்ப எடுக்கவும் வழியில்லை.

"இப்பதான்யா எஸ்டில் வாசிக்கிற மாதிரி இருக்கு," என்று கண்ணை மூடிக்கொண்டார் லான்சோ.

வெர்னா வந்தார். பிடிலை வாங்கிக் காதருகே ஆட்டிப் பார்த்தார்.

"உள்ளதான் இருக்கா?"

"நீங்க குடுத்தபடியே இருக்கும்மா."

அந்த அம்மாள் கையெழுத்துப் போட்டார். டார்சிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிறகு அவர் அட்டைப்படத்தைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"பாவம் மனுஷன். எலி வராம இருக்கட்டும்னு நான்தான் அந்தச் சலங்கையை உள்ள போட்டுவச்சேன். பாம்புன்னா அவருக்கு அவ்வளவு பயம், கைவிட்டு எடுக்கமாட்டார். தானா வெளிய விழுந்துடாதான்னு முப்பது வருஷம் மேடைக்கு மேடை குலுக்கிப் பாத்தார்."