நீங்கள் அனுப்பிய காலி அறை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. நீங்களும் மகளும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் அவள் இதற்குள் பத்து தடவை போன் செய்திருப்பாள். இங்கே நானும் கடையும் நலம். உங்கள் அத்தையைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

புதுக் கடைக்கு நீங்கள் அனுப்பிய பரிசு வந்தது. பிரித்தால் ஓவியம்: ஒரு அறை, மேசையில் மூடி வைத்த கோப்பை, சற்றுத் தள்ளிப் போட்ட நாற்காலி, பாதி திறந்த கதவு, தரையில் வெயில். ஆளைக் காணோம். நாற்காலி வியாபாரிக்கு நாற்காலிப் படம், விளம்பரத்துக்குத்தான் அனுப்பியிருக்கிறார் என்று வாசலுக்கு நேரே மாட்டினேன். வந்தது வினை. வருகிறவர்கள் அதன்முன் நின்று பெருமூச்சு விட்டுவிட்டு வெறுங்கையோடு போகிறார்கள். நம் தச்சர், வாங்க வந்தவர் காதுபட, "நாற்காலி ஆடுது முதலாளி, அதான் உட்கார்ந்தவர் எழுந்து ஓடிட்டார்" என்றார். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், "யாரோ தவறிட்டாங்க சார். பாலிசி இருந்துதோ என்னவோ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கழற்றித் தொலைப்போம் என்று ஸ்டூலில் ஏறினால், உங்கள் அத்தை கையில் பெட்டியோடு வந்து நிற்கிறாள். தங்கை வீட்டுக்குப் போகிறாளாம். எப்போது வருவாய் என்றால் படத்தைப் பார்க்கிறாள். மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. நான் அதைச் சிக்கனம் என்று நினைத்திருந்தேன்.

படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், "இந்த வீட்டுக்காரி எங்கயும் போகலைங்க. வரப்போறவருக்கு ஊத்தி மூடி வெச்சிட்டு உள்ள போயிருக்கா. கதவு அவருக்காகத்தான்" என்றாள்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாம? நம்ம வீட்ல கதவைத் திறந்து வெச்சா கொசுதானே வருது."

ஸ்டூலிலிருந்து இறங்கினேன். பெட்டியை வாங்கிக்கொண்டு, வெயில் இருக்கும்போதே ஷட்டரை இழுத்தேன். எதிர்க்கடைக்காரர், "என்னண்ணே, வீட்ல ஏதாச்சும் கெட்ட சேதியா?" என்று ஓடிவந்தார். அன்றிலிருந்து சாயங்காலம் வீட்டில்தான் இருக்கிறேன். என்ன பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்குத் தெரிகிறது. நிறைய ஸ்டாக் வைத்திருக்கிறாள்.

மாப்பிள்ளை, நான் வியாபாரி, சும்மா யாரையும் புகழ மாட்டேன். பார்த்துப் பார்த்து இந்தப் படத்தை எடுத்தீர்களே, அந்த மனசுக்கு நன்றி. பெட்டி பரணுக்குப் போய்விட்டது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஆறுவதற்குள் குடித்து, நீடூழி வாழ்க.

அன்புடன்,
மாமனார்

பின்குறிப்பு: பார்சல் மாறிவிட்டதென்று பார்சல்காரர் இப்போதுதான் வந்தார். நீங்கள் அனுப்பியது சுவர்க் கடிகாரமாம். படம் மாடியிலிருக்கும் பல் டாக்டருடையதாம். இந்தப் படத்தை மாட்டினால் காத்திருக்கும் நோயாளிகளெல்லாம் எழுந்து போய்விடுவார்கள் என்று டாக்டரிடம் சொல்லி, கடிகாரத்தை அவர் தலையில் கட்டிவிட்டேன். அத்தை கேட்டால் படம் நீங்கள் அனுப்பியதுதான். மேலே சொன்ன நன்றியும் உங்களிடமே இருக்கட்டும். விற்ற சரக்கைத் திரும்ப வாங்கி எனக்குப் பழக்கமில்லை.