மூக்கில்லாத ராஜா

இனிமேல் சம்பளத்தை நம்பிப் பிழைப்பதில்லை என்று முடிவெடுத்தேன். தபால் ஆபீசில் இருபது வருஷம் முத்திரை குத்தியதில் எனக்கு வளர்ந்தது வலது தோள்பட்டை மட்டும்தான். அபூர்வமான பழைய நாணயம் ஒன்றை வாங்கிப் போட்டால், நாம் தூங்கினாலும் அதன் விலை தூங்காது என்றார் நாணயக் கடைக்காரர். நான் நன்றாகத் தூங்குபவன். எனக்கென்றே ஏற்பட்ட தொழில்.

அவர் காட்டிய நாணயத்தில் ராஜாவுக்கு மூக்கு இல்லை. அச்சடிக்கும்போதே நேர்ந்த பிழையாம். உலகத்திலேயே இது ஒன்றுதானாம். விலையைக் கேட்டேன். புதுத் தையல் மெஷினுக்காக என் மனைவி சேர்த்து என்னிடம் கொடுத்து வைத்திருந்த பணம் சரியாக இருந்தது.

அவள் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். பழைய மெஷின் நாலு தையலுக்கு ஒன்றை விழுங்கும். பள்ளிக்கூடச் சீருடை நூறு செட் ஆர்டர் வந்திருந்தது. மாதக் கடைசிக்குள் புது மெஷின் வராவிட்டால் ஆர்டர் கைநழுவிவிடும். கடையில் ஸ்டாக் இல்லையாம் என்று சொல்லிவைத்தேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரிங்க என்றாள். அந்தச் ‘சரிங்க’வுக்கு நான் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

பழைய கோட்டின் உள்துணியைப் பிரித்து, நாணயத்தை உள்ளே போட்டு, நானே தைத்து மூடினேன். தையற்காரிக்குத் தெரியாமல் ஒரு பொருளைத் தையலுக்குள் ஒளித்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். கோணல்மாணலான தையல். தினமும் வெளியிலிருந்து தடவிப் பார்ப்பேன். வட்டமாக, கெட்டியாக, ராஜா சௌக்கியமாக இருந்தார்.

இருபது நாள் கழித்துக் கடைக்காரர் போன் செய்தார். ஓடினேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அதே மூக்கில்லாத ராஜா.

“உலகத்துலயே ஒண்ணுதான்னு சொன்னீங்களே?”

“அப்படித்தான் சார் நினைச்சோம். இன்னொண்ணு இருக்குன்னு இப்பதானே தெரியுது. ஜோடியா வச்சிருந்தா விலை நாலு மடங்கு.”

“யார் கொண்டுவந்தது?”

“ஒரு அம்மா. வித்துக் குடுத்தா கமிஷன் தர்றேன்னாங்க. விலையும் அவங்களே சொல்லிட்டாங்க.”

அந்த விலை, வீட்டில் மூச்சுவிடாமல் நான் பதுக்கியிருந்த போனஸ் தொகை. பைசா பிசகவில்லை. அதிர்ஷ்டம் வந்தால் இப்படித்தான் அளவெடுத்து வரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அவள் இல்லை. நல்லதாயிற்று என்று கதவைச் சாத்திவிட்டு, ஜோடி சேர்ப்பதற்காகக் கோட்டைப் பிளேடால் பிரித்தேன். உள்ளேயிருந்து நாலு துளை போட்ட பெரிய பட்டன் ஒன்று விழுந்தது.

பிரித்த தையலை எடுத்துப் பார்த்தேன். என் கோணல் அப்படியே இருந்தது. நேராகத் தைத்தே பழகிய கைக்கு அவ்வளவு கோணல் வருவது லேசில்லை. பாவம், சிரமப்பட்டிருப்பாள்.

சாயங்காலம் வாசலில் வண்டி நின்றது. புது மெஷினை இருவர் தூக்கி வர, பின்னால் அவள் வந்தாள்.

“ஸ்டாக் வந்துடுச்சுங்க,” என்றாள்.

“போனஸ் விஷயம் உனக்கு யார் சொன்னது?”

“உங்க ஆபீஸ் கேஷியர் பொண்டாட்டிக்கு நான்தானே துணி தைக்கிறேன்.”

கோபம் வந்தது. அதை யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. ராஜாவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த அறையில் இப்போது மூக்கறுந்தவர்கள் இரண்டு பேர்.

அவள் ஊசியில் நூல் கோத்து என்னிடம் நீட்டினாள்.

“ராஜாவை மறுபடியும் உள்ளேயே வச்சுத் தெச்சிடுங்க. அடுத்த போனஸுக்குக் காஜா மெஷின் வாங்கணும்.”