சாப்பாடு இல்லாத டப்பா

"என்ன தம்பி, டப்பா இந்தக் கொதி கொதிக்குது?" கேட் வாட்ச்மேன் கையை உதறிக்கொண்டார்.

"இப்பதான் அடுப்புலேருந்து இறக்கினதுண்ணே" என்று அசடு வழிந்தார் பூட்டுக் கம்பெனி ஃபிட்டர்.

டப்பாவுக்குள் சாப்பாடு இருந்தால்தானே! இருந்தது கம்ப்யூட்டர். உடைந்த டேப்லெட்டின் திரை, பழைய போன் பேட்டரிகள், ஒரு சின்ன போர்டு, சிம் கார்டு எல்லாவற்றையும் அவரே பற்றவைத்துத் திணித்திருந்தார். பாவம், மனுஷன் வேறென்ன செய்வார்? மனைவி நர்ஸ் வேலைக்கென்று கடல் தாண்டிப் போய் ஒன்றரை வருஷம். அவளுக்கு ஓய்வு கிடைப்பது இவருடைய சாப்பாட்டு நேரத்தில்தான். கம்பெனியிலோ போனைக் கேட்டிலேயே வாங்கிப் பூட்டிவிடுவார்கள். அவள் முகத்தைப் பார்க்காமல் இவருக்குச் சோறே இறங்கவில்லை.

முதலில் சூட்டில் திரை அணைந்தது. விசிறி வைத்தார். விசிறி உறுமியது. சத்தத்தை அடக்கத் துண்டைச் சுற்றினார். துண்டு சூட்டை இரண்டு மடங்காக்கியது.

மதியம் மூலையில் உட்கார்ந்து, மூடியைத் திறந்து வீடியோ காலில் அவளை அழைத்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. டியூட்டியில் மாட்டிக்கொண்டாளோ?

"என்னய்யா உன் டப்பா உறுமுது?" என்றார் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெயிண்டர்.

"டப்பா இல்லண்ணே, வயிறு. பசி."

"அப்ப சாப்பிடேன்யா! என்ன கொண்டாந்தே, காட்டு!"

சட்டென்று மூடினார். கொஞ்ச நேரத்தில் ஓரங்களில் புகை கிளம்பியது.

"ஐயையோ, குழம்பு தீயுது!" பெயிண்டர் மூடியைப் பிடுங்கி, ஒரு ஜக்குத் தண்ணீரையும் உள்ளே கவிழ்த்தார். நல்ல மனசுக்காரர்.

திரையில் அவள் படம் ஒருமுறை மின்னி அணைந்தது. ஃபிட்டருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால் போதும்.

இனி எதை மறைக்க? சொட்டச் சொட்ட டப்பாவைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குப் போனார்.

"அண்ணே, இதுல சாப்பாடே கிடையாது. கம்ப்யூட்டர். என் பொண்டாட்டியைப் பார்க்கணும்னு நானே செஞ்சது. வேலையை விட்டுத் தூக்கினாலும் சரி."

வாட்ச்மேன் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடப்பாவி! வெளிநாட்டுலேருந்து வந்து இறங்கின கையோட சமைச்சு எடுத்துட்டு வந்த உன் பொண்டாட்டியை, ஆளுக்கு ஒரு டப்பாதான் உள்ள விடுவோம், உன்னுது ஏற்கெனவே போயிடுச்சுன்னு சொல்லி, அவ போனையும் வாங்கிப் பூட்டி, என் ரூம்ல உட்கார வெச்சிருக்கேன். அந்தப் போன் வேற இவ்வளவு நேரமா விடாம அடிச்சுதய்யா!"