ராக் பாட்டுக்குப் பிழை திருத்துகிறவர்

உலகத்தில் பாட்டுப் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள், பாட்டுக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று உண்டு. அதுதான் பாட்டுக்குப் பிழை திருத்துகிறவர். அதிலும் நான் அறிமுகப்படுத்தப் போவது பழைய ஆங்கில ராக் பாட்டுக்குப் பிழை திருத்துகிறவரை. போர்ட் பிளேரில் இவர்கள் அதிகம் பேர் இல்லை. ஆனாலும் ஒருவரே பத்துப் பேர் வேலையைப் பார்த்துவிடுவதால் குறை தெரிவதில்லை.

அவருக்கு ஒரு வரி பாட வராது. கிட்டாரைத் தொட்டதில்லை. ஆனால் எந்தக் குழுவில் எந்த ஆண்டு எந்த டிரம்மர் கோபித்துக்கொண்டு போனார், அவர் இடத்துக்கு யார் வந்தார், வந்தவர் எந்த இசைத்தட்டின் எந்தப் பக்கத்தில் வாசித்தார், அந்தத் தட்டின் அட்டையில் யார் பெயர் தவறாக அச்சானது என்பதெல்லாம் நாக்கு நுனியில் இருக்கும். சொந்த மைத்துனன் எந்த ஆண்டு கோபித்துக்கொண்டு போனான் என்று கேட்டுப் பாருங்கள். தெரியாது.

இவரைப் பற்றி எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்கிறீர்களா? தினமும் காலையில் அவர் முகத்தைச் சவரம் செய்துவிடுவது நான்தான்.

துறைமுகத்தில் கப்பல் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் குறித்து வைப்பது என் உத்தியோகமாக இருந்தது. ஓய்வு கொடுத்தார்கள், பழக்கம் ஓய்வு எடுக்கவில்லை. கப்பல்கள் இருந்த இடத்தில் பாட்டுகள் வந்து உட்கார்ந்துகொண்டன.

எங்கள் இனத்தை அடையாளம் காண்பது சுலபம். எங்கேயாவது ஒரு பழைய பாட்டின் முதல் இரண்டு விநாடி கேட்கட்டும், ஆள்காட்டி விரல் மேலே போகும், கண் பாதி மூடும், "ஒரு நிமிஷம்" என்ற சொல் வெளியே வரும். அந்த நிமிஷம் பாட்டை விட நீளமானது. பாம்பூ பிளாட்டுக்குப் படகு ஏற நிற்கும் வரிசையில், கறுப்புச் சட்டையில் ஒரு குழுவின் சின்னத்தைப் போட்டுக்கொண்டு நின்ற ஃபிரிட்ஜ் மெக்கானிக் சுதாகரிடம் அந்தக் குழுவின் முதல் பாடகர் யார் என்று கேட்டேன்.

"அண்ணே, இது பஜார்ல எடுத்தது. கறுப்புல அழுக்குத் தெரியாது. பஸ், அவ்வளவுதான்" என்றான், தீவு வழக்கப்படி இந்தி கலந்து.

விட்டேனா? படகு அக்கரை சேரும்வரை சொன்னேன். அதற்குப் பிறகு சுதாகர் அந்தச் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொண்டு போவதாகக் கேள்வி.

துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் இது நடந்திருக்கிறது. யாருடைய போனோ கிட்டாரோடு அலறியது. இறந்தவரின் மகன் காதருகே குனிந்து, "இது ஸ்டூடியோவுல பதிஞ்சது இல்ல, மேடையில வாசிச்சது" என்று ஆறுதல் சொன்னேன். என் மனைவி சந்திரமதி மழை நாளில் கேட்பதெல்லாம் ஒன்றுதான். "ஏங்க, கொஞ்சம் பாட்டுப் போடுங்களேன். பாட்டு மட்டும்." அந்தக் கடைசி இரண்டு சொற்களின் பொருளை நான் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறேன்.

இப்போது ஜெகநாதன் கதைக்கு வருகிறேன். எங்கள் ஊர்க்காரன், கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன், எண்பதுகளில் இந்தத் தீவில் நால்வர் குழு ஒன்று வைத்துக் கிட்டார் வாசித்தவன். அவனுடைய புகழெல்லாம் ஒரே பாட்டில் இருந்தது. அந்தப் பாட்டுக்கு ஒரு சரித்திரம் உண்டு. சரித்திரம் சொல்லாமல் எங்கள் இனத்தால் மேலே போக முடியாது.

அந்தக் காலத்தில் கப்பல் ரேடியோ ஆபீசர் ஒருவர் மெயின்லேண்டிலிருந்து ஒரு கேசட் கொண்டுவந்தார். அந்தப் பாட்டைப் பாடிய வெளிநாட்டுக் குழு எங்கள் தீவுக்கு வந்து சேர்ந்தது அந்த ஒரே கேசட்டில்தான். அதில் கடைசியாக இருந்த இந்தப் பாட்டு முடிவதற்கு முன் நாடா தீர்ந்துவிட்டது. கிட்டார் படிப்படியாக ஏறி, உச்சியில் கால் வைக்கப் போகிற இடத்தில், டக். அதிலிருந்து இன்னொரு கேசட் பதிவு செய்தார்கள், அதிலிருந்து இன்னொன்று. மரைன் ஹில் வீடுகளில் டக். மின்னி பே வீடுகளில் டக். கார் நிக்கோபாருக்கு மாற்றலாகிப் போனவர்கள் பெட்டியில் வைத்துக்கொண்டு போய் அங்கேயும் டக். பாட்டே அப்படித்தான் என்று நாங்கள் நம்பினோம். என்ன தைரியமான முடிவு என்று வியந்தோம். ஜெகநாதனும் மற்ற மூவரும் மேடையில் ஒரே கணத்தில் கையை எடுப்பார்கள். கூட்டமும் அதே கணத்தில் கைதட்டும். ஒரு தட்டு முந்தாது, பிந்தாது.

பிறகு கடலுக்கடியில் கேபிள் வந்து இன்டர்நெட் ஒழுங்கானது. முழுப் பாட்டையும் கேட்டேன். அந்த டக்குக்குப் பிறகு இன்னும் இரண்டு சரணம், மெல்ல அடங்கும் ஒரு முடிவு. அன்று மாலையே ஜெகநாதன் வீட்டு வாசலில் நின்றேன். வேறு எங்கே நிற்பேன்?

"ஜெகா, இத்தனை வருஷமா நீ முக்காப் பாட்டைத்தான் வாசிச்சிருக்கே."

"இருக்கட்டும் அண்ணாச்சி. முக்காலுக்கே அவ்வளவு கைதட்டு."

அதற்குப் பின் அவன் எங்கே கிட்டாரை எடுத்தாலும், விட்டுப்போன பகுதியைக் கூடியிருப்பவர்களுக்கு நான் விளக்கினேன். நாளடைவில் நான் இருக்கும் இடத்தில் அவன் கிட்டாரை எடுப்பதையே விட்டுவிட்டான்.

போன மாதம் அவன் மகன் கௌதம் கோயம்புத்தூரிலிருந்து வந்தான், தகப்பனைக் கையோடு அழைத்துப் போக. இனித் திரும்பி வருவதாக இல்லை. மின்னி பே பகுதியில் அவன் வீட்டு மொட்டை மாடியில் வழியனுப்பு. ஆட்டோவில் போகும்போது சந்திரமதி சொன்னாள்:

"அவரு அந்தப் பாட்டை ஒரு தடவை வாசிச்சுட்டுப் போகணும்னு இருக்காரு. விரலெல்லாம் முடிச்சு விழுந்துபோச்சு, இன்னொரு தடவை வருமோ என்னமோ. 'அங்க போயி யாருக்கு வாசிக்க, அங்க எல்லாரும் முழுப் பாட்டையும் கேட்டவங்க'ன்னாரு. நீங்க இன்னைக்கு வாயைத் திறந்தீங்க, நானும் அவரோட கப்பல் ஏறிடுவேன்."

வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். ஜெகநாதன் கிட்டாரை மடியில் வைத்தான். விரல் போனது. என் விரலைத்தான் சொல்கிறேன், மேலே. அவன் கை அப்படியே நின்றது.

"ஏங்க, பஜ்ஜி தீந்துபோச்சு" என்றாள் சந்திரமதி.

"தட்டு நிறைய இருக்கே."

"தீந்துபோச்சுங்க."

கௌதம் எழுந்து படிக்கட்டுக் கதவைத் திறந்து வைத்தான். "முக்குக் கடைதான் பெரியப்பா. ஆராமா போய்ட்டு வாங்க. ஜல்தி ஒண்ணும் இல்ல."

இத்தனை வயதில் என்னை வெளியே அனுப்புவது எனக்குப் புரியாதா? புரிந்தது. போனேன். ஆனால் கடைக்காரன் சூடாக எடுத்து வைத்திருந்தான், அவர்கள் கணக்கை விடச் சீக்கிரமாகத் திரும்பிவிட்டேன். பாதிப் படியில் பாட்டுக் கேட்டது.

நின்றேன். இரண்டாவது சரணத்தை இரண்டு முறை பாடினான், பிழை. நடுவில் ஒரு சுரத்தைத் தாண்டிப் போனான், பிழை. கிட்டார் ஏறத் தொடங்கியது. அந்த விரல்களால் ஏற முடியவில்லை. தடுக்கியது, மறுபடி ஏறியது. அப்போது மாடியில் இருந்த எல்லோரும் வாயாலேயே அந்தக் கிட்டாரைப் பாட ஆரம்பித்தார்கள், கீழே விழப் போகிறவனைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்குவதுபோல. சந்திரமதியின் குரல் தனியாகக் கேட்டது. அவளுக்கு இந்தப் பாட்டு ஒவ்வொரு சுரமாகத் தெரியும் என்பது எந்தக் குறிப்பிலும் நான் எழுதியிராத செய்தி. உச்சிக்கு ஒரு படி முன்னால், டக்.

கைதட்டல். கீழே பார்க்கிறேன், பஜ்ஜிப் பொட்டலம் படியில் கிடக்கிறது, என் இரண்டு கையும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறது. எங்கள் இனத்தில் இது கேள்விப்படாத நடத்தை.

மேலே போனேன். சுங்க அதிகாரியைப் பார்ப்பதுபோல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஜெகநாதன் கிட்டாரை மார்போடு சேர்த்துப் பிடித்தான்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது அண்ணாச்சி."

"முழுசாவா?"

சந்திரமதி கடலைப் பார்த்தாள். ஜெகநாதன் என்னை நேராகப் பார்த்தான்.

"முழுசாத்தான் வாசிச்சேன்."

இரண்டு சரணங்கள், அடங்கும் முடிவு, பதிவு நடந்த மாதம், ஸ்டூடியோ இருந்த தெருவின் பெயர் எல்லாம் என் நாக்கில் வரிசையாக வந்து நின்றன. அத்தனையையும் விழுங்கினேன்.

"நல்லது. வாசிக்க வேண்டியதை வாசிச்சுட்டே."

அன்றோடு திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மறுநாள் கப்பலடியில், கௌதமின் போன் மணி எந்த ஆண்டுப் பாட்டு என்று அவன் ஏணி ஏறும்வரை திருத்திக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? இவ்வளவு சொன்னவன், அந்தக் குழுவின் பெயரையும் பாட்டின் பெயரையும் சொல்லவே இல்லை. பெரும்பாலோருக்கு அது ஒரு குறையாகவே பட்டிருக்காது. உங்களில் சிலர் மட்டும் கேசட் வந்த இடத்திலேயே ஊகிக்கத் தொடங்கி, கிட்டார் ஏறிய இடத்தில் உறுதிசெய்து, ஜெகநாதன் விரல் தடுக்கியதைக்கூடச் சரியாகக் கேட்காமல், பின்னால் இருப்பது இரண்டு சரணம் இல்லை, ஒன்றுதான் என்று எனக்கு எழுதுவதற்கு இப்போது பேனாவைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

வாருங்கள். எங்கள் இனத்தில் இடம் நிறைய இருக்கிறது. பக்கத்தில் உட்காரத்தான் ஆள் கிடைக்காது.